நிற்க வைக்கும் ஒரு வினைச்சொல்

பள்ளி இறுதி வரை தமிழில் அறிவியல் பயின்று, கல்லூரியில் முதன்முதலாக ஆங்கிலப் பாடநூலைக் கையில் எடுக்கும் மாணவருக்குத் தடையாக இருப்பவை பெரிய பெரிய கலைச்சொற்களே என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. 'எலெக்ட்ரான்', 'தெர்மோடைனமிக்ஸ்' போன்ற சொற்களுக்கு ஒரே பொருள்தான் உண்டு. ஒருமுறை கற்றுக்கொண்டால் அவை பிறகு தொல்லை தருவதில்லை. உண்மையில் காலை இடறிவிடுபவை, பார்ப்பதற்கு எளியனவாகத் தோன்றும் சில வினைச்சொற்கள்தாம். அகராதி அவற்றுக்கு நான்கைந்து பொருள்களைத் தருகிறது. மாணவர் முதலில் உள்ளதை எடுத்துக்கொண்டு மேலே செல்கிறார். வாக்கியத்தின் உயிர் அங்கேயே நழுவிவிடுகிறது.

அத்தகைய வினைச்சொற்களுள் ஒன்று 'எஸ்டாப்ளிஷ்'. அகராதியைப் புரட்டினால் 'நிறுவு' என்று காணப்படும். தவறில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு கீழ்க்கண்ட நான்கு வாக்கியங்களையும் படித்துப் பாருங்கள்.

ஒன்று: கல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் 1876-இல் எஸ்டாப்ளிஷ் செய்யப்பட்டது.

இரண்டு: மின்சுற்றை மூடிச் சிறிது நேரம் சென்றபின் மாறாத மின்னோட்டம் எஸ்டாப்ளிஷ் ஆகிறது.

மூன்று: ஓர் இலட்சிய வாயுவின் இருவகைத் தன்வெப்பங்களுக்கும் இடையே உள்ள தொடர்பை எஸ்டாப்ளிஷ் செய்க.

நான்கு: அணுக்கள் உண்டு என்பதைப் பெர்ரினின் சோதனைகள் எஸ்டாப்ளிஷ் செய்தன.

வினைச்சொல் ஒன்றே, வேலை நான்கு. முதலாவதில் ஒரு நிறுவனம் எழுகிறது. இரண்டாவதில் ஒரு நிலை தோன்றி நிலைக்கிறது. மூன்றாவதில் ஒரு மாணவர் பேனாவை எடுத்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது. நான்காவதில் ஓர் உண்மை ஐயத்திலிருந்து மீட்கப்படுகிறது. இந்த நான்கையும் ஒன்றாக இணைக்கும் கருத்து யாது? அதைக் கண்டுகொண்டால் இந்தச் சொல்லை மனப்பாடம் செய்யவே தேவையில்லை.

சொல்லின் வேர்

இலத்தீன் மொழியில் 'ஸ்டாரே' என்றால் நிற்றல். அதிலிருந்து வந்த 'ஸ்டாபிலிஸ்' என்பதற்கு ஆடாமல் நிற்கக்கூடியது என்று பொருள். 'ஸ்டாபிலீரே' என்றால் ஆடாமல் நிற்கச் செய்தல். இச்சொல் பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது.

சொல்லின் முன்னால் ஓர் 'எ' எவ்வாறு ஒட்டிக்கொண்டது என்று கேட்கலாம். சொல்லின் தொடக்கத்தில் 'ஸ்' என்ற ஒலியும் அதையடுத்து இன்னொரு மெய்யும் சேர்ந்து வந்தால், அந்நாளைய பிரெஞ்சுக்காரர்களின் நாவுக்கு அது எளிதாக இல்லை. முன்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். நம் ஊர்களில் 'இஸ்கூல்' என்றும் 'இஸ்டேஷன்' என்றும் சொல்கிறார்கள் அல்லவா? அதே இயல்புதான். 'ஸ்டேட்', 'எஸ்டேட்' ஆகிய இரண்டும் இவ்வாறு ஒரே சொல்லிலிருந்து பிரிந்த உடன்பிறப்புகளே.

இந்த 'நிற்றல்' என்னும் வேரிலிருந்து இயற்பியலுக்கு வந்த சொற்களை எண்ணிப் பாருங்கள். அசையாமல் நிற்பது 'ஸ்டாட்டிக்'. ஒரு பொருள் நிற்கும் நிலை 'ஸ்டேட்'. மாறாமல் நிற்பது 'கான்ஸ்டன்ட்'. தள்ளி நிற்பது 'டிஸ்டன்ஸ்'. எதிர்த்து நிற்பது 'ரெசிஸ்டன்ஸ்'. வெப்பத்தை ஒரே அளவில் நிறுத்தி வைப்பது 'தெர்மோஸ்டாட்'. தனித்தனியே படித்த சொற்கள் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருப்பதைக் காண்கிறீர்கள்.

தமிழிலும் இதே போன்ற ஒரு குடும்பம் உண்டு. 'நில்' என்னும் வேரிலிருந்து நிலை, நிலைமம், நிலையாற்றல், வெப்பநிலை, சமநிலை என்று நம் இயற்பியல் நூல்கள் நிரம்பி வழிகின்றன. நிறுவுதல் என்பதற்கும் நிற்கச் செய்தல் என்பதே அடிப்படைப் பொருள். ஆகவே தமிழ் அறிந்தவருக்கு 'எஸ்டாப்ளிஷ்' அயலான கருத்தன்று. அந்தச் சொல் வரும்போதெல்லாம் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும்: எது நிற்கிறது? எதன்மேல் நிற்கிறது?

முதல் வாக்கியத்தில் விடை எளிது. நிற்பது ஒரு கழகம். மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் முன்னின்று தொடங்கியது அது. ஐம்பத்திரண்டு ஆண்டுகள் சென்றபின், 1928-இல், சர் சி.வி. இராமன் தம் புகழ்பெற்ற ஒளிச்சிதறல் விளைவைக் கண்டறிந்தது அந்தக் கட்டடத்தில்தான். தொடங்கியவர் மறைந்த பின்னும் தொடர்ந்து நின்றதாலேயே 'எஸ்டாப்ளிஷ்' என்ற சொல் அதற்குப் பொருந்துகிறது. இனி மற்ற மூன்றையும் காண்போம்.

நிலைபெறும் மின்னோட்டம்

ஒரு கம்பிச் சுருளை மின்கலத்துடன் இணைத்துச் சாவியை அழுத்துகிறோம். மின்னோட்டம் அந்தக் கணமே முழு அளவை எட்டிவிடுவதில்லை. சுருளின் தன் தூண்டல் மின்னோட்டத்தின் வளர்ச்சியை எதிர்க்கிறது. சுருளின் தன் தூண்டல் எண் 2 ஹென்றி என்றும், சுற்றின் மொத்த மின்தடை 10 ஓம் என்றும் கொள்வோம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.2 வினாடி கிடைக்கிறது. இது அச்சுற்றின் நேர மாறிலி. சாவியை அழுத்தி 0.2 வினாடி ஆனதும் மின்னோட்டம் இறுதி அளவில் ஏறத்தாழ 63 விழுக்காட்டை அடைகிறது. ஒரு வினாடி ஆனதும், அதாவது ஐந்து நேர மாறிலிகள் கடந்ததும், 99.3 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. அதன்பின் அது மாறுவதாக நம் கருவிகள் காட்டுவதில்லை.

இப்போது, 'மாறாத மின்னோட்டம் எஸ்டாப்ளிஷ் ஆகிறது' என்று நூல் கூறுவதன் பொருள் தெளிவாகிறது. மின்னோட்டம் தொடங்கியது என்பதன்று அதன் பொருள். தொடங்கி, வளர்ந்து, ஒரு நிலையை அடைந்து, அங்கேயே நின்றுவிட்டது என்பதே பொருள். இங்கே 'நிறுவப்படுகிறது' என்று எழுதினால் தமிழும் கெடும், கருத்தும் கெடும். 'நிலைபெறுகிறது' என்பதே உரிய சொல்.

நோயாளியின் வாயில் வைத்த வெப்பமானியை உடனே எடுத்துப் பார்க்கக் கூடாது என்று செவிலியர் சொல்வதும் இதே காரணத்தால்தான். உடலுக்கும் வெப்பமானிக்கும் இடையே வெப்பச் சமநிலை நிலைபெறச் சிறிது நேரம் வேண்டும். அதற்குமுன் எடுத்த அளவு உடலின் வெப்பநிலையாகாது. ஆகவே நூலில் இச்சொல்லைக் காணும்போது, 'அதற்கு எவ்வளவு நேரமாயிற்று?' என்று கேட்டுப் பழகுங்கள்.

தேர்வுத் தாளில் வரும் ஆணை

மூன்றாவது வாக்கியம் மதிப்பெண்ணோடு தொடர்புடையது. தேர்வுத் தாளில் 'ஸ்டேட்' என்ற சொல்லும் வரும், 'எஸ்டாப்ளிஷ்' என்ற சொல்லும் வரும். முன்பே கண்டவாறு இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆனால் கேட்பது வேறு. 'ஸ்டேட்' என்றால் கூறுக. விதியைப் பிழையின்றி எழுதினால் வேலை முடிந்தது. 'எஸ்டாப்ளிஷ்' என்றால், அது எந்த அடித்தளத்தின்மேல் நிற்கிறது என்பதையும் காட்டி, அங்கிருந்து படிப்படியாகக் கட்டிக்கொண்டு வருக என்று பொருள். சமன்பாட்டை மட்டும் எழுதிக் கட்டம் கட்டி வைப்பது தூணில்லாத கூரையைப் போன்றது. பாடம் நன்கு தெரிந்திருந்தும் இந்த ஒரு வினைச்சொல்லால் மதிப்பெண் இழப்பவர்கள் உண்டு.

எடுத்துக்காட்டாக, வாயுக்களைப் பற்றிய மேயர் தொடர்பைப் பார்ப்போம். ஒரு மோல் இலட்சிய வாயுவை ஒரு கெல்வின் சூடாக்க வேண்டும். வாயுவின் கன அளவு மாறாதபடி அடைத்து வைத்துச் சூடாக்கினால், கொடுத்த வெப்பம் முழுவதும் அதன் உள் ஆற்றலை உயர்த்துவதற்கே செல்கிறது. மாறாக, அழுத்தம் மாறாதபடி வைத்துச் சூடாக்கினால் வாயு விரிகிறது. விரியும்போது அது வெளியே வேலையும் செய்தாக வேண்டும். எனவே கூடுதலாக வெப்பம் தேவை. அந்தக் கூடுதல், அழுத்தத்தை விரிந்த கன அளவால் பெருக்கிய தொகைக்குச் சமம். வாயுச் சமன்பாட்டின்படி, ஒரு மோலுக்கும் ஒரு கெல்வினுக்கும் அத்தொகை வாயு மாறிலிக்குச் சமம். அதாவது ஏறத்தாழ 8.31 ஜூல். ஆகவே இரு தன்வெப்பங்களுக்கும் உள்ள வேறுபாடு வாயு மாறிலியே.

இந்த முடிவு மூன்று கால்களின்மேல் நிற்பதைக் கவனியுங்கள். முதலாவது, ஆற்றல் அழிவதில்லை என்னும் வெப்ப இயக்கவியலின் முதல் விதி. இரண்டாவது, இலட்சிய வாயுவின் உள் ஆற்றல் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது என்பது. மூன்றாவது, வாயுச் சமன்பாடு. இவற்றுள் ஒன்றைச் சொல்லாமல் விட்டாலும் விடை நொண்டுகிறது. இரண்டாவது கால்தான் பெரும்பாலும் விடுபடுகிறது. அது இல்லையென்றால், இரு முறைகளிலும் உள் ஆற்றல் ஒரே அளவு உயர்ந்தது என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

இதன் அண்டை வீட்டுச் சொற்களையும் அறிந்துகொள்வது நல்லது. 'டிரைவ்' என்றால் ஒன்றிலிருந்து மற்றொன்றை வருவித்தல். 'வெரிஃபை' என்றால், முன்னரே கூறப்பட்ட ஒன்று சரிதானா என்று சோதனை செய்து பார்த்தல். ஆய்வுக்கூடத்தில் நாம் செய்பவற்றுள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. 'எஸ்டாப்ளிஷ்' இவற்றைவிட அகலமானது. கணக்கால் நிலைநாட்டலாம், சோதனையாலும் நிலைநாட்டலாம்.

அணு எவ்வாறு நிலைநாட்டப்பட்டது?

நான்காவது வாக்கியத்திற்கு வருவோம். பொருள்கள் அணுக்களால் ஆனவை என்ற கருத்து மிகப் பழையது. 19-ஆம் நூற்றாண்டின் வேதியியலே அதை வைத்துத்தான் வளர்ந்தது. எனினும் அந்நூற்றாண்டின் இறுதியில்கூட, ஜெர்மனியின் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்டு, ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் மாக் போன்ற பெரும் அறிஞர்கள் அணுவை உண்மைப் பொருளாக ஏற்கவில்லை. கணக்கிடுவதற்கு உதவும் ஒரு கற்பனை என்றே அதைக் கருதினர். கண்ணால் காணாத ஒன்றை உண்டென்று எப்படிச் சொல்வது என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான்.

நீரில் மிதக்கும் மிகச் சிறிய துகள்கள் ஓயாமல் நடுங்கிக்கொண்டிருப்பதை 1827-இல் இராபர்ட் பிரௌன் நுண்ணோக்கியில் கண்டார். நீரின் மூலக்கூறுகள் மோதுவதால் இந்த இயக்கம் ஏற்படுகிறதென்றால், துகள் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தொலைவு விலகும் என்பதை ஐன்ஸ்டைன் 1905-இல் கணக்கிட்டுக் கூறினார். பாரிசில் ழான் பெர்ரின் 1908 முதல் அதைச் சோதனைக்கு உட்படுத்தினார்.

பெர்ரின் எடுத்துக்கொண்டது 'காம்போஜ்' என்ற மஞ்சள் நிற மரப்பிசின். அதிலிருந்து ஒரே அளவான நுண்ணிய உருண்டைகளைப் பிரித்தெடுத்தார். ஓர் உருண்டையின் ஆரம் ஒரு மைக்ரோமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். அவற்றை நீரில் கலந்து, வெவ்வேறு உயரங்களில் எத்தனை உருண்டைகள் இருக்கின்றன என்று நுண்ணோக்கியால் எண்ணினார். அடியில் 5 மைக்ரோமீட்டர் உயரத்தில் 100 இருந்தால், 35-இல் 47, 65-இல் 22.6, 95-இல் 12 என்ற விகிதத்தில் அவை குறைந்தன. அதாவது ஒவ்வொரு 30 மைக்ரோமீட்டருக்கும் ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றன.

நம் தலைக்கு மேலுள்ள காற்றும் இவ்வாறே மேலே செல்லச் செல்லக் குறைகிறது. அங்கே பாதியாக ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர் ஏற வேண்டும். வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றே என்று கொண்டால், துகளின் எடை எத்தனை மடங்கு கூடுகிறதோ, பாதியாகும் உயரம் அத்தனை மடங்கு குறையும். ஐந்தரைக் கிலோமீட்டரை 30 மைக்ரோமீட்டரால் வகுத்தால் ஏறத்தாழ 18 கோடி வருகிறது. நீரில் மிதப்பு போக மிஞ்சும் பிசின் உருண்டையின் எடையில் 18 கோடியில் ஒரு பங்கே ஒரு காற்று மூலக்கூறின் எடை. கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறு தராசில் ஏறிவிட்டது! அங்கிருந்து, ஒரு மோலில் எத்தனை மூலக்கூறுகள் உள்ளன என்னும் அவகாட்ரோ எண்ணையும் கணக்கிடலாம்.

ஆயினும் இந்த ஒரு சோதனையோடு பெர்ரின் நிற்கவில்லை. உருண்டைகள் பக்கவாட்டில் விலகும் தொலைவு, அவை சுழலும் அளவு, வாயுக்களின் பாகுநிலை, வானம் நீலமாகத் தோன்றுவதற்குக் காரணமான ஒளிச்சிதறல், நுண்துளிகளின் மின்னூட்டம், கதிரியக்கம் என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத பத்துக்கு மேற்பட்ட வழிகளில் கிடைத்த அவகாட்ரோ எண்களை அவர் ஓரிடத்தில் வரிசைப்படுத்தினார். எல்லாம் ஆறு முதல் ஏழரை வரை உள்ள எண்ணைப் பத்தின் 23-ஆம் அடுக்கால் பெருக்கிய அளவாகவே அமைந்தன. இன்று நாம் ஏற்றுள்ள மதிப்பில் அந்த எண் 6.022 எனத் தொடங்குகிறது.

அணுவே இல்லையென்றால், வானத்தின் நீலமும் பிசின் உருண்டையும் ஏன் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும்? இதற்கு மறுதரப்பில் விடை இல்லை. 1909-இல் வெளிவந்த தம் பாடநூலின் புதிய பதிப்பில் ஓஸ்ட்வால்டு அணுக் கொள்கையை ஏற்பதாக முன்னுரையில் எழுதினார். பெர்ரினுக்கு 1926-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு சோதனை மட்டும் இருந்திருந்தால் 'காட்டினார்' என்று எழுதியிருப்போம். பல கால்கள் ஊன்றி நின்றதால் 'நிலைநாட்டினார்' என்கிறோம்.

நிலைநாட்டப்படாத ஒரு முடிவு

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றையும் காணலாம். 2011 செப்டம்பரில், ஓபரா என்னும் ஆய்வுக் குழுவினர் ஒரு வியப்பூட்டும் அளவீட்டை வெளியிட்டனர். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ வரை ஏறத்தாழ 730 கிலோமீட்டர் பூமிக்குள் ஊடுருவிச் சென்ற நியூட்ரினோ துகள்கள், ஒளி வரவேண்டிய நேரத்துக்கு ஏறத்தாழ 60 நானோவினாடி முன்னதாகவே வந்து சேர்ந்தனவாம். செய்தித்தாள்கள் ஐன்ஸ்டைன் வீழ்ந்தார் என்று எழுதின. ஆனால் ஆய்வாளர்கள் ஒளியைவிட வேகமான துகளை நிலைநாட்டிவிட்டதாகக் கூறவில்லை. எங்கள் அளவீடு இது, காரணம் விளங்கவில்லை, மற்றவர்களும் ஆராய வேண்டும் என்றே கேட்டுக்கொண்டனர். 2012-இல், கடிகாரத்திற்கு நேரக்குறிப்பைக் கொண்டுவரும் ஒளியிழை ஒன்று சரியாகப் பொருத்தப்படாமல் இருந்தது தெரியவந்தது. அதே ஆண்டில் நடந்த வேறு சோதனைகள், நியூட்ரினோக்கள் ஒளியை முந்தவில்லை என்று காட்டின.

வினைச்சொல்லை அடக்கத்தோடு தேர்ந்தெடுத்ததால்தான் அந்த ஆய்வாளர்கள் சொல்லில் பிழை சேரவில்லை. ஆங்கில ஆய்வுரைகளில் இதற்கென ஓர் ஏணியே உண்டு. 'சஜெஸ்ட்' என்றால் அவ்வாறு கருத இடமிருக்கிறது. 'இண்டிகேட்' என்றால் சான்று அந்தப் பக்கம் சுட்டுகிறது. 'கன்ஃபர்ம்' என்றால் முன்பு கிடைத்த முடிவை இன்னொரு சோதனை உறுதிப்படுத்துகிறது. 'எஸ்டாப்ளிஷ்' உச்சிப் படியில் இருக்கிறது. முதற்படியில் உள்ளதை உச்சிப் படிக்குத் தூக்கி, 'விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டனர்' என்று தமிழில் எழுதினால் படிப்பவரை ஏமாற்றியதாகும். ஒரு மருந்தைப் பற்றிய செய்தியில் இவ்வாறு நேர்ந்தால் விளைவு எவ்வளவு தீயது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நிலைநாட்டப்பட்டது என்றால் இனி யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்பதும் பொருளன்று. நியூட்டனின் இயக்க விதிகளுக்கு எல்லை உண்டென்பது 20-ஆம் நூற்றாண்டில் தெரிந்தது. ஒளியின் வேகத்தை நெருங்கும் பொருளுக்கும் அணுவின் உட்பகுதிக்கும் அவை போதா. எனினும் அந்த எல்லைக்குள் அவை இன்றும் உறுதியாக நிற்கின்றன. இராக்கெட்டின் பாதையை அவற்றைக் கொண்டே கணக்கிடுகிறோம்.

ஒரு சிறு சொல், ஒரு பெரிய வேறுபாடு

இவ்வினைச்சொல்லுக்குப் பின்னால் வரும் இரண்டு சிறு சொற்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். 'எஸ்டாப்ளிஷ் தட்' என்று வந்தால் முடிவு தெரிந்துவிட்டது. அதை நிலைநாட்டுவதே பேச்சு. 'எஸ்டாப்ளிஷ் வெதர்' என்று வந்தால் முடிவு இன்னும் தெரியாது. ஆமா இல்லையா என்று ஐயமறக் கண்டறிக என்று பொருள்.

ஒரு மின்விளக்கின் டங்ஸ்டன் இழை ஓம் விதிப்படி நடக்கிறதா என்று 'எஸ்டாப்ளிஷ் வெதர்' என்னும் சொற்களால் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வரைபடம் நேர்கோடாகத்தான் வரவேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து, விலகிய புள்ளிகளைத் திருத்தி எழுதும் மாணவர் வினாவையே தவறாகப் படித்தவர். வெண்சுடராக ஒளிரும் இழையின் மின்தடை, குளிர்ந்த நிலையில் இருந்ததைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு ஆகிறது. வரைபடம் வளைந்துதான் வரும். அந்த வளைவே விடை. அதை அழிப்பவர் அறிவியலையே அழிக்கிறார்.

கற்கும் முறை

ஆகவே நண்பர்களே, உங்கள் குறிப்பேட்டில் 'எஸ்டாப்ளிஷ் என்றால் நிறுவு' என்று ஒரு வரி எழுதி முடித்துவிடாதீர்கள். அதைத் தொடர்ந்து வரும் சொல்லோடு சேர்த்து எழுதுங்கள். நிறுவனம் வந்தால் நிறுவு. மின்னோட்டமோ சமநிலையோ வந்தால் நிலைபெறு. தேர்வுத் தாளில் சமன்பாடு வந்தால் அடித்தளத்திலிருந்து வருவித்துக் காட்டு. உண்மை வந்தால் நிலைநாட்டு. 'வெதர்' வந்தால் ஐயமறக் கண்டறி. பாடநூலில் இச்சொல் வரும் ஒவ்வோர் இடத்தையும் இவற்றுள் எதில் சேர்ப்பது என்று ஒரு மாதம் குறித்து வாருங்கள். 'ஷோ', 'டிடர்மின்', 'அஸ்யூம்' போன்ற மற்ற வினைச்சொற்களையும் இதே முறையில் கற்கலாம்.

தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கில நூலின் முன் அஞ்சிச் சுருங்க வேண்டியதில்லை. எது நிற்கிறது, எதன்மேல் நிற்கிறது என்று கேட்கும் பழக்கம் எந்த மொழிக்கும் தனி உடைமையன்று. அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்கத் தெரிந்தவர், ஆங்கில வாக்கியத்திலும் அதன் விடையைத் தேடி எடுத்துவிடுவார்.